கொடிக்காரன் முகம்

தாராவிப் பட்டறையில் பிரேமலதாவுக்கு முகம் தீட்டும் வேலை. மேஜைமேல் போர் விளையாடும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, பழங்கால ஹங்கேரிப் பொம்மைப் படை ஒன்று கட்டைவிரல் உயரத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீரனையும் சோடா மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு வண்ணம் அடிப்பாள். முகத்துக்கு வெளிர் ரோஸ். கடைசியில்தான் கண்கள்.

ஒருநாள் காலையில், கொடி பிடித்தவனின் முகம் மட்டும் மாநிறமாக மாறியிருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவள் புருஷன் தமிழ்செல்வனுக்கும் அதே இடத்தில்தான் தழும்பு. அவன் போன வருஷம் அம்பர்நாத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வெந்து செத்தான். அப்படி ஓர் ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி கைகழுவிவிட்டது.

முதலாளி கணேசபாண்டியன் பொம்மையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஹங்கேரிக்காரன் நம்மூர் ஆளு மாதிரியா இருப்பான்? மாத்தி அடி."

"நான் அடிக்கல அண்ணாச்சி."

"பெறவு? அவனே அடிச்சுக்கிட்டானா?"

மாற்றி அடித்தாள். மறுநாளும் மாநிறம்.

"நாளைக்கும் இப்படி இருந்தா நீ வரவேண்டாம்" என்றார்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் அவள் கொடிக்காரனின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"பிள்ளைக்குச் சோறு வேணும்லா. போயிருங்க" என்றாள்.

தழும்பையும் சேர்த்து ரோஸில் மூடினாள். கண்களை நேராகப் பார்க்கும்படி வைத்தாள்.

காலையில் முகம் ரோஸாகவே இருந்தது. தழும்பு இல்லை.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

பிரேமலதா பொம்மையைத் தன் பக்கம் திருப்பினாள். கருவிழிகள் ஓரத்துக்குப் போயிருந்தன. மூடியை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவன் அவளைப் பார்க்கவில்லை.