கூட இருக்கிறவருக்குக் காரம் ஆகாது

"இன்னொரு வாட்டி போட்டுப் பாரும்மா. வேற யாராச்சும் செங்குட்டுவனா இருக்கப்போறாரு."

ஜெராக்ஸ் கடை ஜஸீமா பொறுமைசாலி. கம்ப்யூட்டரில் பெயரை மறுபடியும் தட்டினாள்.

யசோதரா கேட்டு வந்தது ஒரே ஒரு தேதிதான். புருஷன் செங்குட்டுவனுக்கு அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்தால் கோர்ட்டு வாசலில் போய் நிற்கலாம். போலீஸ் வேனிலிருந்து இறங்கும்போது முகத்தையாவது பார்த்துவிட்டு வரலாம்.

சித்திரையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஓட்டிய ட்ரெய்லர் லாரியில் ஏற்றிய சரக்கு, துறைமுகம் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிட்டதாம். இப்போது கார்த்திகை. இன்னும் ஒரு தடவை கூட அவரைக் கண்ணால் பார்க்கவில்லை.

புழல் ஜெயிலுக்கு மனு பார்க்கப் போகிறவன் அவளுடைய தம்பி எழிலன். உள்ளே இருக்கிறவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேச்சு. நானும் வருகிறேன் என்றால் விடமாட்டான்.

"வேணாங்கா. கம்பிக்குப் பின்னால உன்ன பாத்தா மாமா பேஜாராயிடுவாரு. அவரே வராதன்னு சொல்லிகினு கீறாரு."

கிளீனராகச் சேர்த்து, ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து, அவனை ஒரு டிரைவராக ஆக்கிவிட்டவர் மாமா. அந்த நன்றிக்குத்தான் வேலையைப் போட்டுவிட்டு அலைகிறான் என்று அவள் நெகிழ்ந்துபோயிருந்தாள்.

வாராவாரம் டப்பா கட்டிக் கொடுத்தாள். நெத்திலித் தொக்கு, இறால் வறுவல், அவருக்குப் பிடித்ததெல்லாம். ஜெயிலில் வீட்டுச் சாப்பாடு விடுவார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்றான் எழிலன். அதோடு சரி. அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால்.

டப்பா திரும்பி வரும்போது பளபளவென்று தேய்த்து வரும். வீட்டில் இருந்தவரை தின்ற தட்டை நகர்த்திக்கூட வைக்காத மனிதர். ஜெயில் திருத்திவிட்டது பார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

கொஞ்ச நாளாக டப்பா பெரிசாகிவிட்டது. கூட ஒரு பெரியவர் இருக்கிறாராம். வயிற்றுப்புண்காரர், காரம் ஆகாதாம். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று தொக்கில் மிளகாயைக் குறைத்தாள். போன வாரம் அந்தப் பெரியவருக்கு மாங்காய் மேல் ஆசை வந்துவிட்டது. கார்த்திகையில் மாங்காய்க்கு எங்கே போவது? மழையில் நனைந்துகொண்டு தண்டையார்பேட்டை மார்க்கெட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி, துண்டு போட்டு, உப்பு பிசிறி, இதோ மடியில் இருக்கிற பையில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எழிலன் வந்து வாங்கிக்கொண்டு போவான்.

"அக்கா, இதப் பாருங்க" என்று ஜஸீமா திரையைத் திருப்பினாள்.

கோர்ட்டு இணையதளத்தில் கிடைத்த கேஸ் விவரத்தை வைத்து, போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரையும் திறந்திருந்தாள். பெயர் செங்குட்டுவன். தகப்பன் பெயர் பக்தவச்சலம். முகவரி, எர்ணாவூரில் அவள் பூட்டிவிட்டு வந்திருக்கிற அதே வீடு.

"அவருதாங்க்கா. ஜூலையிலயே பெயில் கெடச்சிருச்சு. அப்புறம் எல்லா வாய்தாவுக்கும் வெளிய இருந்துதான் வந்துட்டுப் போறாரு. போன வாரங்கூட வந்துகீறாரு."

யசோதரா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு வேணா பாக்கலாமா?"

"பேரும் வருஷமும் தெரிஞ்சா போதுங்க்கா."

ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. அவள்தான் ஏமாளி மாதிரி தொக்கு கிளறிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த மனிதர் வீட்டுக்கு வரவில்லை. அதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், கட்டினவன் கைவிடுவது உலகத்தில் நடக்காததா? எழிலன் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் சோற்றை வாங்கிக்கொண்டு போய் வாராவாரம் எந்த வாசலில் கொடுத்தான்? அந்த டப்பாவைத் தேய்த்துக் கொடுத்தது எந்தக் கை?

பையிலிருந்து மாங்காய் வாசம் வந்தது. வயிற்றுப்புண்காரருக்கு மாங்காய்.

வாசலில் வண்டி வந்து நின்றது. எழிலன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"டப்பா குடுக்கா. மாமா காத்துகினு கீறாரு."

இத்தனை மாதத்தில் அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

அவள் படி இறங்கினாள். பையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான், அவள் விடவில்லை.

"மாங்கா கேட்டாரே ஒரு பெரியவரு."

"ஆமா."

"அவருக்கு இது எத்தினியாவது மாசம்டா?"

எழிலன் கடைக்குள் எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வண்டியை அணைத்தான்.

"மூணு முடியப்போவுதுக்கா."