குகை வாசலில் மிதுசா

என் மனுசன் கனகலிங்கத்துக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகள் மிதுசாவும் மருமகன் வினோஜனும் மொரோக்கோ போய்வந்த படங்களை எங்கள் வீட்டு ரீவியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. வெளியே பீலெஃபெல்ட் பனி சேறாகிக் கிடந்தது.

இவர் நாலு படம் பார்ப்பார், எழும்பிப் போய் ஹீட்டரைத் திருகுவார். இரண்டு படம் பார்ப்பார், பல்கனிக் கதவைத் திறந்து பெப்ரவரிக் குளிரை உள்ளே விடுவார். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார், தேத்தண்ணிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே.

மகளை இரண்டு கிழமை காணாத ஏக்கம் என்று நினைத்தேன். அவள்தான் வந்து முன்னால் இருக்கிறாளே, பிறகென்ன என்றும் நினைத்தேன்.

நானும் ஒழுங்காகப் படம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மிதுசா ஒட்டகத்தில் இருந்தாள், கடற்கரை வீதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள், வெள்ளை வீடுகளுக்கு முன்னால் நின்றாள். என் கண் அவளுக்குப் பின்னால் போகிற வருகிற ஆண்களிலேயே நின்றது.

அது என் வியாதி. கனடாக் கல்யாண வீடியோ, பாரிஸ் தேர்த் திருவிழா, எதைப் போட்டாலும் தம்பி சிறீதரனைத் தேடுவேன். இப்போது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. நான் தேடுவது இருபத்திரண்டு வயது முகத்தை. விசர்தான், எனக்கே தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் அவனை என் மனுசனோடு சேர்த்து ஜேர்மனிக்கு அனுப்பியது நான். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஒருவரை ஒருவர் விடாமல் ஒன்றாகவே போய் இறங்க வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்.

மொஸ்கோ விமான நிலையத்தில், காசு வாங்கிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் தங்களைப் பிரித்துவிட்டான், அதற்குப் பிறகு சிறீதரனைக் காணவில்லை என்று இவருடைய முதல் கடிதத்தில் இருந்தது. கொழும்பு, மொஸ்கோ, பிராங்பேர்ட். அகதி விசாரணையில் இவர் சொன்னதும் அதுதான். மூன்று வருசம் கழித்து நான் வந்து கேட்டபோதும் அதுதான். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நான் எழுதிய அத்தனை கடிதங்களிலும் மொஸ்கோ என்றுதான் எழுதினேன்.

இடையில் வேறு நாட்டில் தங்கினோம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் வந்த வழியை மறைத்தார்கள். ஆபிரிக்காவில் ஒரு வருசம் கிடந்தவரும் விசாரணையில் நேரே விமானத்தில் வந்து இறங்கியிருப்பார். பிறந்தநாள் விழாக்களில் எங்கள் ஆட்கள் இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வினோஜன் அடுத்த படத்தைப் போட்டான். தான்ஜியருக்குப் பக்கத்தில் உள்ள ஹெர்குலிஸ் குகையாம். மலையைப் பிளந்து ஆபிரிக்காவையும் ஐரோப்பாவையும் பிரித்த வீரன் அதற்குள்தான் படுத்து எழும்பினானாம். உள்ளே இருட்டு. கடல் பக்கத்து வாசல் மட்டும் வெளிச்சமாக, ஆபிரிக்கா வரைபடத்தை வெட்டி வைத்தது போல இருந்தது. அந்தக் கரையிலிருந்து ஸ்பெயின் கிட்டத்தான் என்று வினோஜன் சொன்னான்.

மிதுசா வாசலடியில் ஒரு கல்லின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பல்கனிக் கதவடியில் நின்ற இவர் ரீவியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“அந்தக் கல்லிலை நிக்காதை பிள்ளை! பின்னேரம் தண்ணி ஏறும், வழுக்கும்!”

மிதுசா விழுந்து விழுந்து சிரித்தாள். தான் பத்திரமாக வந்து சோபாவில் இருப்பதாகத் தகப்பனுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள். வினோஜனும் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தில் அந்தக் கல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஏறுவதைப் பற்றி வினோஜன் ஒன்றும் சொல்லவில்லை. இவர் கோப்பாயில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். எங்கள் யாழ்ப்பாணக் கடல் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது.

அந்தக் கல்லில் இவர் நின்றிருக்கிறார். இவர் நின்றால் சிறீதரனும் நின்றிருப்பான். இரண்டு பேரும் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து கடலைக் கடந்து கரையேறியது இவர் மட்டும்தான்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கப்பை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய கப்பையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். முதுகில் ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. விசாரணைக்காரனுக்குச் சொன்ன கதையை எனக்கும் ஏன் சொன்னீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஹோலில் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழாயைப் பூட்டினேன்.

செத்தவருக்கு வருசா வருசம் படைக்க ஒரு திதி வேண்டும். செத்த திகதி தெரிந்தால்தான் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து அன்றைய திதியைக் கண்டுபிடிக்கலாம். என் தம்பிக்கு இனி அதையாவது செய்ய வேண்டும்.

“இஞ்சாருங்கோ, என்ன திகதி எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

இவர் திரும்பவில்லை. ஒரு கணம்கூட யோசிக்கவும் இல்லை.

“ஐப்பசி, அபரபக்கத் தசமி.”

நான் திகதியைத்தான் கேட்டேன். இவர் தேய்பிறைத் தசமி என்று திதியையே சொல்லிவிட்டார். எப்போதோ, எங்கேயோ, எனக்குத் தெரியாமல் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார்.

நான் வந்த பிறகு இந்த வீட்டில் முப்பது ஐப்பசி போயிருக்கிறது. அந்த நாளில் நான் இவர் தட்டில் மீன் வைத்தேனா, இறைச்சி வைத்தேனா, இவர் சாப்பிட்டாரா, வேண்டாம் என்று எழும்பினாரா என்று அங்கேயே நின்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வருசம்கூட நினைவுக்கு வரவில்லை.