வெஸ்லி அழ வேண்டும்

“நீ வெஸ்லியை விட்டுடணும் கிரெட்சன். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறோம்.”

கையில் நான்கு தட்டு பொரித்த மீனோடு நின்ற கிரெட்சன், கர்டிஸை ஏற இறங்கப் பார்த்தாள். மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊரே மீன் சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிற நேரத்தில், பரிமாறுகிற பெண்ணிடம் இப்படிப் பேச வருகிறவனுக்கு மூளை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

“இதைக் குடுத்துட்டு வர்றேன்” என்று போய்விட்டாள்.

“ஆரம்பமே சரியில்லடா” என்றான் ரான்டி. “மொதல்ல சௌக்கியமான்னு கேட்டிருக்கணும்.”

கர்டிஸ் டிரம்ஸ் அடிப்பவன். ரான்டிக்கு பேஸ் கிட்டார். பாட்டு எழுதிப் பாடுகிறவன் வெஸ்லி. மூவரும் சேர்ந்ததுதான் ‘ஈரக் கையுறைகள்’. போன வருடம் வந்த அவர்களின் முதல் ரெக்கார்டைக் கேட்டு அழாத காலேஜ் பிள்ளை அந்த ஊரில் கிடையாது. ‘சுற்றிச் சுற்றி வருகிறேன், வாசல் எங்கே தெரியவில்லை’ என்று வெஸ்லி தொண்டை கிழியக் கத்தும்போது, ரான்டி வீட்டு பேஸ்மென்ட்டில் நெருக்கியடித்து நிற்கிற அறுபது பேரும் மூக்கை உறிஞ்சுவார்கள். இந்த மாதிரிப் பாட்டு அப்போதுதான் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்தது. யாரோ அதற்கு ‘எமோ’ என்று பெயர் வேறு வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே கர்டிஸுக்குக் கெட்ட கோபம் வரும்.

கிரெட்சன் திரும்பி வந்தாள். “சரி சொல்லு. நான் எதுக்கு அவனை விடணும்?”

“அவன் சந்தோஷமா இருக்கான்.”

“அது தப்பா?”

“எங்க பாட்டுக்குத் தப்பு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்க ரெண்டு பேரையும் பஸ் ஸ்டாப்புல கை கோத்துக்கிட்டு ரான்டி பார்த்தான். கொஞ்ச நாள்லயே அவன் போக்கு மாறிடுச்சு. இப்ப என்ன எழுதறான் தெரியுமா? காலைல ஜன்னல் வழியா வெயில் வந்துச்சாம், அதுக்கு ஒரு பாட்டு. புது சாக்ஸ் வாங்கினானாம், அதுக்கு ஒரு பாட்டு.”

“கம்பளி சாக்ஸ்” என்றான் ரான்டி, துக்கம் விசாரிக்கிற குரலில்.

“போன சனிக்கிழமை அதைப் பாடினோம். நம்ம ஜனம் எப்படி நிக்கும்? கையைக் கட்டிக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு. அதுதானே மரியாதை. அன்னிக்கு ரெண்டு பேர் ஆடிட்டாங்க கிரெட்சன்.”

“ஒருத்தன் சிரிச்சான்” என்றான் ரான்டி.

கிரெட்சன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இங்க பாருங்க, நான் ஒண்ணு சொல்லணும்…”

“நான் முடிச்சிடறேன்” என்று கர்டிஸ் அவசரமாகக் குறுக்கிட்டான். முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். “திங்கக்கிழமை சிகாகோலேருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரர் வர்றார். மொத ரெக்கார்டைக் கேட்டுட்டு, காரை ஓரங்கட்டி அழுத மனுஷன். அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க, நாடு முழுக்க அனுப்பறேங்கறார். அவர்கிட்ட சாக்ஸ் பாட்டையா பாடறது? இதை நம்பி நான் கறி அடைக்கிற சாசேஜ் ஃபேக்டரி வேலையை விட்டுட்டேன். எங்கம்மா தினமும் தட்டுல சாப்பாட்டோட திட்டையும் சேர்த்துதான் போடறாங்க.”

டிரம்ஸைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு உருப்படியாக வராது. திங்கட்கிழமை சொதப்பினால் மறுபடி சாசேஜ்தான்.

மூலை மேசையில் ஒரு பெரியவர் இன்னொரு ரொட்டி கேட்டுக் கை காட்டினார். கிரெட்சன் போய் வைத்துவிட்டு வந்தாள்.

“மொத ரெக்கார்டு எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க?”

“யாரோ பழைய காதலி. அவன்தான் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டானே, எல்லாம் பாட்டுலதான். எவளோ அவன் மனசைச் சுக்குநூறா உடைச்சிருக்கா. அந்த மகராசி எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்றான் கர்டிஸ். “உன்னை ஸ்கூல்லேருந்து தெரியும். உனக்கு அவ்வளவு கல்மனசு கிடையாது. லேசா உடைச்சாப் போதும்.”

“போன்லகூடச் சொல்லலாம்” என்றான் ரான்டி.

கிரெட்சன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை எங்கப்பா அக்கார்டியன் வாசிப்பாரே, ஜோடி ஜோடியா சுத்தற போல்கா ஆட்டம், தெரியுமில்ல?”

“ஊருக்கே தெரியும்.”

“ரெண்டு வருஷமா ஒரு வாரம் விடாம வெஸ்லியை அதுக்கு இழுத்துட்டுப் போனேன். மத்தியானம் ஒரு மணிக்குச் சுத்த ஆரம்பிச்சா ஆறு மணி வரைக்கும் சுத்தணும். நான் விட்டா எங்க அத்தைங்க பிடிச்சுப்பாங்க, ஒருத்தி மாத்தி ஒருத்தி. போன மாசம், செத்தாலும் இனிமே வரமாட்டேன்னான். சரி போடான்னு அன்னிக்கே அவனையே விட்டுட்டேன்.”

ரான்டி விரல் விட்டு எண்ணினான். சாக்ஸ் பாட்டு வந்தும் ஒரு மாதம்தான் ஆகிறது.

கர்டிஸ் மெதுவாகத் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினான்.

“நீ வெஸ்லியை விட்டிருக்கவே கூடாது கிரெட்சன். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறோம், ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குள்ள அவனோட மறுபடி சேர்ந்துக்க.”