அடுப்படிக்குப் பூட்டு

“நாளையிலேருந்து நீ சமைக்க வேண்டாம்” என்று மாமியார் அம்சம் சொன்னபோது, எழில்மொழிக்கு ஒன்றும் புரியவில்லை.

சமையலில் என்ன குறை என்று கேட்டாள். பதிலாகக் குடவாசல் கடைத்தெருவிலிருந்து ஒரு பூட்டுதான் வந்தது, அடுப்படிக்கு.

அதோடு விடவில்லை. எழில்மொழி குளிக்கப் போனால், அம்சம் வெளியே வந்து நின்றுகொண்டாள். கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் தட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால், பஸ் ஏறும் வரை கூடவே வந்தாள்.

“டீச்சர் வேலை பார்க்கிற பொண்ணை இப்படியா வேவு பார்ப்பாங்க?” என்று பக்கத்து வீட்டுக் காளியம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். மகன் இளவழகன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தான். அவனிடமும் அம்சம் வாய் திறக்கவில்லை.

எழில்மொழிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சம்பா அறுவடை முடிந்ததிலிருந்தே மூக்கடைப்பு. கண்ணுக்குப் பின்னால் ஏதோ பாரம். சளிதானே என்று விட்டுவிட்டாள். வீடு திரும்பினால் தலையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு கண் லேசாகப் பிதுங்கியது போலத் தெரிந்ததும் தஞ்சாவூருக்குப் போனார்கள். இளவழகனை வயலுக்கு அனுப்பிவிட்டு, அம்சமேதான் கூட்டிப்போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், சைனஸ் முழுக்கப் பூஞ்சை அடைத்திருக்கிறது என்றார்.

“எனக்கு சுகர்கூட இல்லையே டாக்டர்?”

“நல்லா இருக்கறவங்களுக்கும் வரும்மா. காத்துல இருக்கற பூஞ்சைதான், சிலருக்கு ஒத்துக்காது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.”

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினார். என்ன வாசனை என்று கேட்டார்.

“ஒண்ணும் வரலையே.”

“காப்பித்தூள்மா. கொஞ்சம் கொஞ்சமா வாசனை போனதால உங்களுக்கே தெரியலை.”

எழில்மொழி குழம்பிப்போய் டப்பாவையே பார்த்தாள்.

அம்சம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “அப்படின்னா டாக்டர், வீடு பூரா கேஸ் நாத்தம் அடிச்சாலும் இவளுக்குத் தெரிஞ்சிருக்காதா?”

“தெரிஞ்சிருக்காதும்மா.”

அம்சம் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அடுப்பைப் பத்தவைக்காம கேஸைத் திறந்துவிட்டுட்டு, தலையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னியே... சாகத் துணிஞ்சிட்டியோன்னு பயந்துட்டேன் கண்ணு. வெளியில சொன்னா உன் பேருதானே கெடும்?”