நடுவில் இருந்த ஒயர்

வீட்டு விளக்குகளை ஆட்டிவைக்கும் யூஎஸ்பி குச்சி ஒன்றை, சார்ஜ் மட்டுமே கடத்தும், தகவல் கடத்தாத ஒயரில் மாட்டிக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார் வீட்டுக்காரர். குச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனாலும் அப்படி ஒன்று இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, நான் சொன்னதைக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றது குச்சி.

"கரண்ட் ஒழுங்கா வருதுல்ல? பேச்சு கொண்டுபோறது என் வேலை இல்லப்பா," என்றது ஒயர்.

"அப்ப கரண்டையும் நிறுத்துங்க. உங்க மேல சந்தேகம் வந்தாத்தான் நான் பிழைப்பேன்."

"என்னைத் தூக்கிப் போட்டுருவாங்களே."

வீட்டுக்காரர் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் குச்சியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, அதே ஒயரில் புதுக் குச்சியை மாட்டினார்.

"முன்னால இருந்தவர் எப்படிண்ணே?" என்று கேட்டது புதுசு.

"அவனா? வாயே திறக்க மாட்டான் தம்பி," என்றது ஒயர்.