சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு

அம்சா மகளின் கம்பளிக் கோட்டுக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். திண்டிவனத்தில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"தொப்பிய இன்னும் கீழ இழும்மா," என்றாள் கலைப்பிரியா. வட்டக் கண்ணாடி, மடியில் தடித்த புத்தகம். இணையத்தில் அவளுடைய 'படிப்பாளி' அலங்காரம் பரவி, விழுப்புரம் கடைகளில்கூடக் கோட்டும் தொப்பியும் விற்றன.

"ஒருத்தன் என்னைத் திட்டியே வீடியோ போட்டுக்கினு இருக்கான். இந்த வேக்காட்டுல கோட்டு எதுக்காம். ஒரு பக்கமாவது திருப்புனாளா, எல்லாம் வேஷங்கறான்."

"பதில் சொல்லேன்டி."

"சொன்னா பாவம்னு பாப்பாங்க. இப்பப் பொறாமையா பாக்கறாங்க, அது நல்லாருக்கு. ஜல்தியா போட்டோ எடும்மா, குளிருது."

அந்த வாரமே அவள் இறந்துபோனாள்.

துக்கத்துக்குக் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெண் வந்தாள். வேர்த்துக் கொட்டியது. "அக்காவப் பாத்துத்தான் போட ஆரம்பிச்சேன்," என்று அழுதாள்.

அம்சா அந்தத் தொப்பியைக் கழற்றினாள். கருகருவென்று கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. அதை வெகுநேரம் தடவிக்கொடுத்தாள்.

"புத்துநோய்க்கு மருந்து ஏத்துனதுல அவளுக்கு ஒரு முடிகூட மிஞ்சல, கண்ணு. பக்கத்தத் திருப்பக்கூட கையில தெம்பில்ல."

விழுப்புரத்துக் கடை வாசலில் அந்தத் தொப்பிகள் இன்னும் தொங்குகின்றன.