பதினேழு ஜோடி

செந்துறையிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மலர்க்கொடிக்கு, தம்பி வீட்டுக்குள் கால் வைத்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி பொண்டாட்டி கலையரசி ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஹால் ஷோகேஸைத் திறந்து, பீங்கான் ஷூ ஒன்றைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கீழே அட்டைப்பெட்டி. அது கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

தம்பி முத்தமிழ்செல்வன் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். ஹாலந்தில் கப்பல் நிற்கும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் புகுந்துவிடுவான். அந்தக் காலத்தில் யாரோ கையாலேயே நீலப் பூ வரைந்து வைத்த இந்த ஷூக்களைத் தேடிப் பிடித்து வாங்கி வருவான். இருபது வருஷத்தில் சேர்ந்தது பதினேழு ஜோடி.

சர்க்கரை முற்றிப்போய் மூன்று வாரமாகத் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு இன்று டிஸ்சார்ஜ். மகன் அறிவழகன் காரில் கூட்டி வருகிறான்.

"கலை, என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"

"வாங்க அண்ணி" என்றாள் கலையரசி, திரும்பாமலே.

"அவன் வூடு வந்து சேர்றதுக்குள்ள வித்துடலாம்னு பாக்குறியா?"

"விக்கலை அண்ணி."

மலர்க்கொடி பெட்டியைப் பார்த்தாள். ஷோகேஸைப் பார்த்தாள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுதான் மேலே இருந்தது. இன்னொன்று பெட்டிக்குள்.

"அடிப்பாவி! ஜோடி பிரிஞ்சா அதுக்கு மதிப்பே கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கான்! எடுக்கறதுன்னா எல்லாத்தையும் எடுத்துத் தொலை. இதென்ன ஒண்ணு விட்டு ஒண்ணு?"

"மொத்தமா காலி பண்ணிட்டா அவரு தாங்க மாட்டாரு அண்ணி."

"இதை மட்டும் தாங்குவானா? கப்பல்லேருந்து வர்றப்பல்லாம் உனக்குப் புடவை வரலை, செருப்புதான் வருதுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தவதானே நீ? அந்தப் பழியை, படுத்துக் கிடந்து வர்ற மனுஷன்கிட்டயா தீர்த்துக்கணும்?"

கலையரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. கடைசி ஷூவையும் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

மலர்க்கொடி வாயோடு விடுகிறவள் இல்லை. பெட்டியை இழுத்து, துணியை உருவி, மறுபடியும் ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். நான்கு ஜோடி சேர்ந்திருக்கும். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கலையரசி ஓடி வந்து நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி, கெஞ்சிக் கேக்குறேன். அவரு உள்ள வந்ததும் முதல்ல இந்த ஷோகேஸைத்தான் பாப்பாரு. ஜோடி ஜோடியா இருந்தா மனசு விட்டுப்போயிடும்."

"ஏன்? அப்படி என்ன ஆயிடுச்சு அவனுக்கு?"

"உங்களுக்கு நெஞ்சுவலி இருக்கு, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மலர்க்கொடியின் கை அப்படியே நின்றது.

"பெட்டியில இருக்கறதெல்லாம் இடது காலு அண்ணி. போன வாரம் அவருக்கும் இடது காலைத்தான் எடுத்தாங்க."